வாளா, ஒப்பந்தமா? அரபு வரலாற்று நூல்கள் தரும் இரண்டு பதில்கள்

‘அவன் வந்தான்’ என்று சொன்னால் அதற்குச் சொன்னவரே பொறுப்பு. ‘அவன் வந்தானாம்’ என்றால் பொறுப்பு கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. யாரோ சொன்னார்கள், நான் கேட்டேன், உங்களிடம் சொல்கிறேன், அவ்வளவுதான். இந்தச் சின்ன ‘ஆம்’ என்ற ஒட்டை இலக்கண வகுப்பில் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் ‘இதை யார் சொன்னது? அவருக்கு யார் சொன்னது?’ என்ற கேள்வியையே அடித்தளமாக வைத்து ஒரு பெரிய வரலாற்று மரபு வளர்ந்திருக்கிறது. ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் அரபு மொழியில் எழுதப்பட்ட வரலாற்று நூல்களைத்தான் சொல்கிறேன்.

அவற்றைப் பற்றி இங்கே எழுதக் காரணம் உண்டு. நம் மாணவர்கள் வரலாற்றுப் பாடத்தில் இஸ்லாமிய நாகரிகத்தைப் படிக்கிறார்கள். தமிழ் வகுப்பில் கட்டுரை, கலந்துரையாடல் என்று வரும்போது அந்தச் செய்திகள் இங்கேயும் எட்டிப் பார்க்கும். ‘டீச்சர், அந்த ஊரையெல்லாம் வாளால பிடிச்சாங்களா, பேசி வாங்கினாங்களா?’ என்று ஒரு மாணவர் கேட்கலாம். கேட்பவர் மனத்தில் பெருமையும் இருக்கலாம், மனத்தாங்கலும் இருக்கலாம். ‘எல்லாம் வாள்தான்’ என்றாலும் சரி, ‘எல்லாம் சமாதானம்தான்’ என்றாலும் சரி, வகுப்பில் யாரோ ஒருவர் வாயை மூடிக்கொள்வார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

இதே கேள்வியை 1,100 ஆண்டுகளுக்கு முன்பே அரபு வரலாற்றாசிரியர்கள் கேட்டிருக்கிறார்கள். ஊர் ஊராகக் கேட்டிருக்கிறார்கள். சில ஊர்களுக்கு வாசல் வாசலாகக்கூடக் கேட்டிருக்கிறார்கள். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பதில்கள் கிடைத்தபோது, அவற்றை ஒளிக்காமல் அடுத்தடுத்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

இருநூறு ஆண்டு இடைவெளி

முதலில் பின்னணியைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். நபிகள் நாயகம் 632இல் மறைந்தார். அவருக்குப் பின் அபூபக்கர் 634 வரையிலும், உமர் 644 வரையிலும் கலீபாக்களாக இருந்தார்கள். இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அரபுப் படைகள் பைசாந்தியப் பேரரசிடமிருந்து சிரியாவையும் எகிப்தையும் எடுத்துக்கொண்டன. பாரசீக சாசானியப் பேரரசிடமிருந்து ஈராக்கையும் ஈரானின் பெரும்பகுதியையும் எடுத்துக்கொண்டன.

நடந்தது ஏழாம் நூற்றாண்டில். ஆனால் இன்று நம் கையில் இருக்கும் முக்கியமான அரபு நூல்கள் ஒன்பதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் எழுதப்பட்டவை. எகிப்து வெற்றியைப் பற்றி எழுதிய இப்னு அப்துல் ஹகம் இறந்தது 871இல். ‘நாடுகளின் வெற்றிகள்’ என்று பொருள்படும் ‘ஃபுதூஹுல் புல்தான்’ நூலை எழுதிய பலாதுரீ இறந்தது 892 வாக்கில். எல்லாரையும்விடப் பெரிய நூலை எழுதிய தபரீ இறந்தது 923இல். அவருடைய வரலாற்று நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு, பெயரடைவோடு சேர்த்து 40 தொகுதிகள்.

‘ஃபுதூஹ்’ என்ற சொல்லையும் கவனிக்கலாம். ‘ஃபத்ஹ்’ என்றால் திறப்பு, ‘ஃபுதூஹ்’ அதன் பன்மை. ஊர் ‘பிடிபட்டது’ என்று சொல்லாமல் ‘திறந்தது’ என்கிறார்கள். இறைவன் திறந்துவைத்தான் என்ற நம்பிக்கை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. எழுதியவர்கள் நடுநிலையான வெளியாட்கள் இல்லை, வென்றவர்களின் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். அதை மறந்துவிடாமல்தான் இந்த நூல்களைப் படிக்க வேண்டும்.

பலாதுரீ என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. ‘பலாதுர்’ என்பது நம் சேங்கொட்டை. இந்தியாவிலிருந்து போன மருந்துச் சரக்கு அது. ஞாபகசக்திக்கு நல்லது என்று அரபு மருத்துவத்தில் நம்பினார்கள். அதை அளவுக்கு மீறிச் சாப்பிட்டுப் புத்தி கலங்கியதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். சாப்பிட்டவர் இவரா, இவருடைய தாத்தாவா என்பதில் பழைய நூல்களே ஒத்துப்போகவில்லை. அவரவர் வாழ்க்கைக் குறிப்பிலேயே இரண்டு அறிவிப்புகள்!

அறிவிப்பாளர் வரிசை

இருநூறு ஆண்டு இடைவெளியை எப்படிக் கடந்தார்கள்? அதற்கு அவர்கள் வைத்திருந்த கருவியின் பெயர் ‘இஸ்னாத்’. தமிழ் முஸ்லிம்கள் அறிவிப்பாளர் வரிசை என்று சொல்வார்கள். ஒரு செய்தியைச் சொல்வதற்கு முன், ‘எனக்கு இவர் சொன்னார், அவருக்கு அவர் சொன்னார், அவருக்கு நேரில் பார்த்தவர் சொன்னார்’ என்று சங்கிலி போலப் பெயர்களை அடுக்குவார்கள். சங்கிலிக்குப் பிறகுதான் செய்தி வரும். செய்தி முடிந்ததும் அடுத்த சங்கிலி, அடுத்த செய்தி. இரண்டும் முரண்பட்டாலும் இரண்டும் இருக்கும்.

தபரீ தம் நூலின் முன்னுரையில் இதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். இந்த நூலில் வாசகர் ஏற்க முடியாத செய்தி ஏதாவது இருந்தால், அது தம்மிடமிருந்து வந்ததில்லை, தமக்கு அறிவித்தவர்களிடமிருந்து வந்தது, தமக்குக் கிடைத்ததைக் கிடைத்தபடி தந்திருக்கிறேன் என்பது அதன் சாரம். நம் இலக்கணத்தில் சொல்வதென்றால், நூல் முழுவதற்கும் சேர்த்து ஒரு ‘ஆம்’ போட்டுவிட்டார்.

இதன் விளைவு எப்படி இருக்கும் என்பதற்கு யர்மூக் போரைப் பாருங்கள். சிரியாவின் தலைவிதியை முடிவு செய்த போர் அது. ஹிஜ்ரி 13இல் நடந்தது என்று சைஃப் பின் உமர் என்ற கூஃபா நகரத்து அறிவிப்பாளர் சொல்கிறார். ஹிஜ்ரி 15இல், அதாவது கி.பி. 636இல், நடந்தது என்று இப்னு இஸ்ஹாக் சொல்கிறார். இன்றைய ஆய்வாளர்கள் 636ஐத்தான் ஏற்கிறார்கள். தபரீ போர் விவரத்தை ஹிஜ்ரி 13இன் கீழ் எழுதுகிறார். ஆனால் மற்றவர் 15 என்கிறார் என்பதையும் மறைக்காமல் குறிக்கிறார். அவர் ஒரே ஆண்டை மட்டும் எழுதியிருந்தால் நமக்குச் சந்தேகமே வந்திருக்காது. திருத்திக்கொள்ள வழியும் இருந்திருக்காது.

சங்கிலி இருப்பதாலேயே செய்தி உண்மையாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். இந்த சைஃபை நபிமொழி அறிஞர்கள் நம்பகமற்றவர் என்றே ஒதுக்கினார்கள். அவர் தமீம் என்ற குலத்தைச் சேர்ந்தவர். அவருடைய அறிவிப்புகளில் தமீம் குலத்து வீரர்கள், குறிப்பாகக் கஅகாஃ பின் அம்ர் என்பவர், எங்கே பார்த்தாலும் முன்னணியில் நிற்பார். மற்றவர்கள் சொல்லும் அறிவிப்புகளில் அவரை அவ்வளவாகக் காணோம். பெயர்ச் சங்கிலி இருப்பதால்தான் இந்த ஒரு பக்கச் சாய்வையே நம்மால் கண்டுபிடிக்க முடிகிறது.

டமாஸ்கஸ்: ஒரு நகரம், இரண்டு வாசல்கள்

இனி நம் கேள்விக்கு வருவோம். டமாஸ்கஸ் நகரை வாளால் பிடித்தார்களா, ஒப்பந்தத்தால் பெற்றார்களா?

635ஆம் ஆண்டு. நகரைச் சுற்றி முற்றுகை. காலித் பின் வலீத் கிழக்கு வாசலில் இருக்கிறார். அபூ உபைதா மேற்கே ஜாபியா வாசலில் இருக்கிறார். இதுவரைக்கும் பெரும்பாலும் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். இதற்குப் பிறகுதான் பாதை பிரிகிறது.

சைஃபின் அறிவிப்பைத் தபரீ தருகிறார். நகரத் தலைவருக்குக் குழந்தை பிறந்தது. விருந்து நடந்தது. காவலர்கள் குடித்துவிட்டுக் காவலை மறந்தார்கள். காலித் மட்டும் இதைக் கவனித்தார். இரவில் காற்றடைத்த தோல்பைகளின் உதவியால் அகழியைக் கடந்து, கயிற்று ஏணி போட்டு மதிலில் ஏறினார்கள். ஏறியவர்களில் நம் கஅகாஃவும் ஒருவர். காலித் தம் பக்கம் போரிட்டு உள்ளே நுழைய, மற்ற வாசல்களில் இருந்த மக்கள் அவசரமாக அந்தந்த வாசல் தளபதிகளிடம் சமாதானம் பேசினார்கள். ஆக, கிழக்கே வாள், மற்ற இடங்களில் ஒப்பந்தம்.

பலாதுரீ தரும் முதன்மை அறிவிப்பு இதற்கு நேர் எதிர். கிழக்கு வாசலில் இருந்த காலிதுக்கும் நகரத்துக் கிறிஸ்தவ ஆயருக்கும் முன்பே தொடர்பு இருந்தது. ஆயர் கேட்டபடி காலித் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். மக்களின் உயிர், உடைமை, தேவாலயங்களுக்குப் பாதுகாப்பு, மதில் இடிக்கப்படாது, அவர்களுடைய வீடுகளில் யாரும் குடியேற்றப்பட மாட்டார்கள், தலைவரியான ஜிஸ்யாவைச் செலுத்தினால் போதும். அந்தப் பக்கம் அபூ உபைதா ஜாபியா வாசலைச் சண்டையிட்டுத் திறந்தார். இந்தப் பக்கம் ஆயர் கிழக்கு வாசலைக் காலிதுக்குத் திறந்துவிட்டார். ஆக, கிழக்கே ஒப்பந்தம், மேற்கே வாள்.

பலாதுரீ இதோடு நிறுத்தவில்லை. காலித் வாளால் நுழைந்தார், அபூ உபைதா ஒப்பந்தத்தால் நுழைந்தார் என்று அபூ மிக்னஃப் போன்றோர் சொல்வதையும் எழுதுகிறார். எழுதிவிட்டு, முன்னது அதைவிட நம்பத்தக்கது என்று தம் கருத்தைச் சொல்கிறார். இரண்டு தளபதிகளும் நகருக்குள் சந்தித்த இடம்கூட ஓர் அறிவிப்பில் செம்புக் கொல்லர் பகுதி, இன்னொன்றில் எண்ணெய் வணிகர் கடைவீதி.

இன்னும் ஒரு சுவையான இடம். டமாஸ்கஸ் மக்கள் தங்கள் வீடுகளிலும் தேவாலயங்களிலும் பாதியைத் தருவதாக ஒப்புக்கொண்டார்கள் என்று ஒருவர் சொல்கிறார். உடனே பலாதுரீ, 823இல் இறந்த வாகிதீ என்ற அறிஞர் இதை மறுத்ததை எடுத்துப் போடுகிறார். காலித் எழுதிய பத்திரத்தை நானே படித்தேன், ‘பாதி வீடு, பாதி தேவாலயம்’ என்ற பேச்சே அதில் இல்லை என்கிறார் வாகிதீ. அப்படியானால் முஸ்லிம்கள் எப்படி அந்த வீடுகளில் குடியிருந்தார்கள்? நகரம் விழுந்ததும் நிறையப் பேர் அந்தியோக்கியாவில் இருந்த பேரரசர் ஹெராக்ளியசிடம் ஓடிப்போனார்கள், காலியாகக் கிடந்த வீடுகளில் இவர்கள் குடியேறினார்கள் என்று விளக்கமும் தருகிறார். வாய்ச்செய்தியை ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் அன்றே இருந்ததற்கு இது நல்ல சான்று.

ஆனால் இரண்டு அறிவிப்புகளும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன. நகரின் ஒரு பகுதி வாளால் விழுந்திருந்தாலும், முழு நகரையும் ஒப்பந்த நகரமாகவே கருதினார்கள் என்று இரண்டுமே முடிக்கின்றன. பலாதுரீயின்படி, காலித் அப்போது தலைமைத் தளபதி இல்லை, அவர் கொடுத்த வாக்கு எப்படிச் செல்லும் என்று சிலர் கேட்டார்கள். முஸ்லிம்களில் மிகச் சாதாரணமானவர் கொடுத்த வாக்கும் எல்லாரையும் கட்டுப்படுத்தும் என்று சொல்லி அபூ உபைதா அதை ஏற்றுக்கொண்டார்.

இதில் யாருக்கு என்ன நட்டம்?

எந்த வாசல் எப்படித் திறந்தால் என்ன, இருநூறு ஆண்டுக்குப் பிறகு எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி என்று தோன்றலாம். காரணம் பணம், நிலம், வழிபாட்டிடம்.

ஒப்பந்தத்தால் வந்த ஊருக்கு ‘சுல்ஹ்’ என்று பெயர். வாளால் வந்த ஊருக்கு ‘அன்வா’ என்று பெயர். சுல்ஹ் ஊரில் ஒப்பந்தத்தில் எழுதியதுதான் வரி. அரசு நினைத்தபடி கூட்டக் கூடாது, எழுதிக் கொடுத்த உரிமையைப் பறிக்கக் கூடாது. அன்வா ஊரிலோ நிலத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்க ஆட்சியாளருக்குக் கூடுதல் அதிகாரம் உண்டு. ஆகவே தாத்தா காலத்தில் வாசல் எப்படித் திறந்தது என்பது பேரன் கட்டும் வரியைத் தீர்மானித்தது.

டமாஸ்கஸ் புனித யோவான் தேவாலயத்தின் கதையைப் பலாதுரீயே சொல்கிறார். அதைப் பள்ளிவாசலோடு சேர்க்க முஆவியா விரும்பினார், கிறிஸ்தவர்கள் மறுத்தார்கள், விட்டுவிட்டார். அப்துல் மலிக் பணம் தருவதாகச் சொன்னார், அப்போதும் மறுத்தார்கள். 705 முதல் 715 வரை ஆண்ட வலீத் பெரும்பணம் தருவதாகச் சொல்லியும் அவர்கள் இணங்காதபோது இடித்துச் சேர்த்துக்கொண்டார். பிறகு 717இல் உமர் பின் அப்துல் அஸீஸ் கலீபா ஆனதும் கிறிஸ்தவர்கள் முறையிட்டார்கள். அவர் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டார். தொழுது பழகிய முஸ்லிம்களுக்கு மனம் ஒப்பவில்லை. கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. நகருக்கு வெளியே கூத்தா என்ற வயல்சூழ்ந்த பகுதியில் வாளால் எடுக்கப்பட்ட தேவாலயங்கள் எல்லாம் கிறிஸ்தவர்களுக்குத் திரும்பும். யோவான் தேவாலயத்தின் மீதான உரிமையை அவர்கள் விட்டுக்கொடுப்பார்கள். நகரம் சுல்ஹ், கூத்தா அன்வா என்ற வேறுபாடு இல்லாவிட்டால் இந்தப் பேரமே நடந்திருக்காது.

அதே கலீபாவிடம் இன்னொரு தேவாலய வழக்கும் வந்தது. அதற்கு உரிமை கொண்டாடிய அரபுக்காரரிடம், ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட 15 தேவாலயங்களில் அது ஒன்றாக இருந்தால் உமக்கு அதில் உரிமை இல்லை என்று அவர் சொன்னதாகப் பலாதுரீ எழுதுகிறார்.

எகிப்திலும் இதே கதைதான். எகிப்து சுல்ஹா, அன்வாவா என்று இப்னு அப்துல் ஹகம் இரு தரப்பு அறிவிப்புகளையும் அடுக்குகிறார். கிப்திய மக்களின் வரியைக் கூட்டும்படி முஆவியா எகிப்தில் இருந்த வர்தான் என்ற அதிகாரிக்கு எழுதினாராம். கூட்டக் கூடாது என்று அவர்களுடைய ஒப்பந்தத்தில் இருக்கும்போது நான் எப்படிக் கூட்டுவது என்று வர்தான் பதில் எழுதினாராம்.

வென்றவர்களுக்கும் இதில் லாபக் கணக்கு இருந்தது. கலீபா உமர் வீரர்களுக்கு உதவித்தொகைப் பட்டியல் ஏற்படுத்தினார். யார் எவ்வளவு முன்னதாகப் போரில் கலந்துகொண்டார் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். சைஃபின் அறிவிப்பில், காதிசிய்யா போருக்கு முந்திய சண்டைகளில் இருந்தவர்களுக்கு ஆண்டுக்கு 3,000 திர்ஹம், காதிசிய்யாவிலும் யர்மூக்கிலும் இருந்தவர்களுக்கு 2,000. ‘எங்க தாத்தா அங்கே இருந்தார்’ என்ற குடும்பக் கதைக்குப் பணமதிப்பும் இருந்தது. கதைகள் காப்பாற்றப்பட்டதற்கும் இது காரணம், சில கதைகள் ஊதிப் பெரிதானதற்கும் இது காரணம்.

அறுபத்தைந்து ஆடுகள்

நூல்களுக்கு வெளியே ஏதாவது சான்று உண்டா? உண்டு. வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் ஒரு பாப்பிரஸ் தாள் இருக்கிறது. எகிப்தின் ஹெராக்ளியோபொலிஸ் ஊரில், ஹிஜ்ரி 22, கி.பி. 643 ஏப்ரலில் எழுதப்பட்டது. கலீபா உமர் உயிரோடு இருந்த காலம். மேலே கிரேக்கம், கீழே அரபு. விஷயம் ரொம்பச் சாதாரணமானது. அப்துல்லாஹ் பின் ஜாபிர் என்ற தளபதி தம் படைக்காக 65 ஆடுகளைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது. கிரேக்கப் பகுதியை எழுதியவர் யோவான் என்ற கிறிஸ்தவத் திருத்தொண்டர். அரபுப் பகுதியை எழுதியவர் இன்னொருவர்.

வெற்றி நடந்து இரண்டே ஆண்டுக்குள், பழைய அதிகாரியும் புதிய அதிகாரியும் ஒரே தாளில் எழுதியிருக்கிறார்கள். படைக்கு ஆடு கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் அதில் தெரிகிறது. கொடுத்ததற்கு ரசீது எழுதித் தர வேண்டும் என்ற ஒழுங்கும் தெரிகிறது. 

அதே நூற்றாண்டில் வாழ்ந்த எகிப்தியக் கிறிஸ்தவ ஆயர் நிக்கியூ யோவானின் வரலாற்று நூலும் நமக்குக் கிடைத்திருக்கிறது. நிக்கியூ நகரில் அரபுப் படை மக்களைக் கொன்றதை அவர் எழுதுகிறார். தளபதி அம்ர் பின் ஆஸ் தேவாலயங்களின் சொத்தில் எதையும் எடுக்கவில்லை என்பதையும் அவரே எழுதுகிறார். தோற்ற பக்கத்தில் இருந்தவரும் இரண்டையும் மறைக்காமல் பதிந்திருக்கிறார்.

பின்னால் வந்த சுவையான கதைகள்

காலம் போகப் போக இந்த முரண்பட்ட அறிவிப்புகளின் இடத்தை மனத்தில் பதியும் ஒற்றைக் கதைகள் பிடித்துக்கொள்கின்றன. மிகப் பிரபலமானது அலெக்சாந்திரியா நூலகக் கதை. கலீபா உமரின் உத்தரவுப்படி அம்ர் அந்த நூல்களைக் குளியல் கூடங்களுக்கு எரிபொருளாக அனுப்பினார், எரித்து முடிக்க ஆறு மாதம் ஆனது என்று கதை. நம் மாணவர்கள் இதைக் கைப்பேசியில் பார்த்திருக்கக்கூடும். ஆனால் இப்னு அப்துல் ஹகம், பலாதுரீ, தபரீ மூவரின் நூல்களிலும் இது இல்லை. சம்பவத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்த நிக்கியூ யோவானிடமும் இல்லை. 1200ஆம் ஆண்டை ஒட்டி எகிப்துக்கு வந்த அப்துல் லத்தீப் அல்பக்தாதீ இதைப் போகிற போக்கில் சொல்கிறார். 1248இல் இறந்த இப்னுல் கிஃப்தீயின் நூலில் இது விரிவான கதையாகிறது. இடைவெளி 550 ஆண்டுகளுக்கு மேல். இதை எழுதியவர்களும் முஸ்லிம்களே. எனவே ‘எதிரிகள் கட்டிய கதை’ என்று சுலபமாகத் தள்ளவும் முடியாது.

இன்னோர் உதாரணம் இலங்கையோடு தொடர்புடையது. சிந்து நாட்டின் மீது 711 வாக்கில் படையெடுப்பு நடந்ததற்குப் பலாதுரீ ஒரு காரணம் சொல்கிறார். ‘மாணிக்கத் தீவு’ மன்னர், தம் நாட்டில் இறந்துபோன முஸ்லிம் வணிகர்களின் பெண்மக்களைக் கப்பலில் ஈராக் ஆளுநர் ஹஜ்ஜாஜிடம் அனுப்பினார். தைபுல் துறைமுகத்துக் கடற்கொள்ளையர் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். சிந்து மன்னர் தாஹிரிடம் கேட்டபோது, கொள்ளையர் என் கட்டுப்பாட்டில் இல்லை என்றார். மாணிக்கத் தீவு இலங்கைதான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

சிந்துவை வென்ற இளம் தளபதி முஹம்மத் பின் காசிமின் முடிவு எப்படி? பலாதுரீயின் நூலில் அது அரசியல் பழிவாங்கல். 715இல் புதிய கலீபா வந்ததும் அவரைக் கைது செய்து வாசித் நகரச் சிறையில் வதைத்தார்கள். வதைத்த அதிகாரியின் சகோதரரை முன்பு ஹஜ்ஜாஜ் கொன்றிருந்தார். ஆனால் 1216ஆம் ஆண்டில் பாரசீக மொழியில் எழுதப்பட்ட ‘சச்நாமா’வில் வேறு கதை. தாஹிரின் மகள்கள் கலீபாவிடம் பொய்ப்புகார் சொல்ல, தளபதியைப் பச்சைத்தோலில் வைத்துத் தைத்து அனுப்பினார்களாம். படிக்கச் சுவை இரண்டாவதில்தான். ஆனால் முதலாவது முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தியது.

வகுப்பறைக்கு

இதை இரண்டு பாடவேளைகளில் ஒரு நடவடிக்கையாகச் செய்யலாம். மேல்நிலைப் படிவ மாணவர்களுக்கு ஏற்றது.

முதல் பாடவேளையில் டமாஸ்கஸ் பற்றிய இரண்டு அறிவிப்புகளையும் ஆளுக்கொரு தாளாகக் கொடுங்கள். ஒரு குழுவுக்கு சைஃப், இன்னொரு குழுவுக்குப் பலாதுரீ. மற்ற குழுவின் தாளைப் பார்க்காமல், நகரம் எப்படி விழுந்தது என்று ஐந்து வாக்கியத்தில் எழுதட்டும். பிறகு இரு குழுக்களும் வாசித்துக் காட்டட்டும். இங்கேதான் சத்தம் கிளம்பும். அப்போது நான்கு கேள்விகளைப் பலகையில் எழுதுங்கள்: சொன்னவர் யார்? நடந்து எவ்வளவு காலத்துக்குப் பிறகு சொன்னார்? இப்படிச் சொன்னால் யாருக்கு லாபம்? இரண்டு பேரும் ஒத்துப்போவது எதில்?

இரண்டாம் பாடவேளை மொழிக்கானது. இரண்டு அறிவிப்புகளையும் ஒரே பத்தியில் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ‘என்கிறார்’, ‘எனக் கூறப்படுகிறது’, ‘என்பதை மறுக்கிறார்’, ‘என்று முடிவு செய்கிறார்’ போன்ற சொற்கள் அப்போது தாமாகவே தேவைப்படும். கட்டுரையில் எல்லாச் செய்தியையும் தங்கள் சொந்தக் கருத்து போலவே எழுதிவிடும் பிள்ளைகளுக்கு இது நல்ல பயிற்சி.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். இந்த நடவடிக்கையைச் செய்தால் சில மாணவர்கள் ‘அப்போ எல்லாமே பொய்தானே டீச்சர்’ என்று முடிவுகட்டிவிடுவார்கள். நான்காவது கேள்வி அதற்காகத்தான். நகரம் முற்றுகையிடப்பட்டது, காலிதும் அபூ உபைதாவும் அங்கே இருந்தார்கள், ஒரு பகுதியில் சண்டையும் இன்னொரு பகுதியில் சமாதானமும் நடந்தன, முடிவில் மக்கள் ஒப்பந்தத்தின் கீழ் வாழ்ந்து வரி கட்டினார்கள் என்பதில் இரண்டு அறிவிப்புகளும் ஒத்துப்போகின்றன. உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை ஒரு பத்தியாகவும், முரண்படுபவற்றை இன்னொரு பத்தியாகவும் பிரித்து எழுத வையுங்கள். பலாதுரீ செய்ததைப் போலவே கடைசி வரியில், தங்களுக்கு எது நம்பத்தக்கதாகப் படுகிறது, ஏன் என்று ஒவ்வொருவரும் காரணத்தோடு எழுதட்டும்.